டீசல் என்றொரு மனிதர்



நம் ஒர்க்‌ஷாப்பில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை டீசல் என்ற சொல்லைச் சொல்கிறோம் என்று எண்ண ஆரம்பித்தால் ரெக்கார்டு நோட்டு போதாது. டீசல் இன்ஜின், டீசல் ஃபில்டர், டீசல் டேங்க், டீசல் புகை. தாம்பரம் பஸ் நிலையத்தில் ஐந்து நிமிடம் நின்றால் காதுக்கும் மூக்குக்கும் வந்து சேருவது அதுதான். இது ஒரு மனிதரின் பெயர் என்பது இரண்டு மார்க் கேள்வி அளவுக்கு நமக்கெல்லாம் தெரியும். அவர் தோல் சாமான் செய்து விற்றவரின் மகன், நம்மைப் போலவே பாலிடெக்னிக் வாசலை மிதித்தவர், படித்தது போதும் வேலைக்குப் போ என்று வீட்டில் சொல்லக் கேட்டவர் என்பது அந்த இரண்டு மார்க்கில் வராது. அதைத்தான் இந்த மலரில் எழுதலாம் என்று இருக்கிறேன்.

எனக்கு இவர் மேல் ஆர்வம் வரக் காரணம் டிராக்டர். எங்க அப்பா சேலையூர், செம்பாக்கம், வேங்கைவாசல் பக்கம் தண்ணீர் டேங்க் இழுக்கிற டிராக்டர் ஓட்டுகிறார். சொந்த வண்டி இல்லை, சம்பளத்துக்குத்தான். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். லீவு நாட்களில் அப்பாவுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும்போது, பெட்ரோல் வண்டியில் இருக்கிற ஸ்பார்க் பிளக் இதில் இல்லையே, அப்போ தீ எங்கேயிருந்து வருது என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். வண்டியை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அப்பாவுக்கு விரல் நுனியில் இருந்தது. ஏன் என்பதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. அந்த ஏன் என்ற கேள்விக்குப் பதில் தேடிப் போனபோதுதான் ருடால்ப் டீசல் கிடைத்தார்.

பாரீஸில் பிறந்த ஜெர்மன் பையன்

1858ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி பாரீஸ் நகரில் ருடால்ப் டீசல் பிறந்தார். அப்பா தியோடர் டீசல், ஜெர்மனியின் பவேரியாப் பகுதியில் ஆக்ஸ்பர்க் என்ற ஊரைச் சேர்ந்தவர். புத்தக பைண்டிங் தொழில் தெரிந்தவர். பிழைப்புத் தேடி பாரீஸ் வந்து தோல் சாமான்கள் செய்து விற்றார். மூன்று பிள்ளைகளில் ருடால்ப் இரண்டாவது. வசதி என்று சொல்ல ஒன்றுமில்லை. அப்பா செய்த சாமான்களைத் தள்ளுவண்டியில் வைத்து வாடிக்கையாளர் வீடுகளுக்குக் கொண்டு போய்க் கொடுப்பது பையனின் வேலை.

பாரீஸில் தொழிற்கலைகளுக்கென்று ஒரு காட்சியகம் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் கூன்யோ என்ற பிரெஞ்சுக்காரர் செய்த நீராவி வண்டி அங்கே இருக்கிறது. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் ருடால்ப் அங்கே போய் இயந்திரங்களைப் பார்த்து நிற்பார், படம் வரைவார்.

12 வயதில் இடி விழுந்தது. 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டதும் பாரீஸில் இருந்த ஜெர்மானியர்கள் ஊரை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. டீசல் குடும்பம் கடையைப் போட்டுவிட்டு லண்டனுக்குப் போனது. அங்கே எல்லோருக்கும் சோறு போட வழியில்லை. பையனை மட்டும் ஆக்ஸ்பர்க்கில் இருந்த உறவினர் பார்னிக்கல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் அந்த ஊர்த் தொழிற்பள்ளியில் கணக்கு வாத்தியார். வெளியூரிலிருந்து வந்து சித்தப்பா வீட்டிலும் மாமா வீட்டிலும் தங்கிப் படிக்கிற நண்பர்கள் நம் வகுப்பிலும் இருக்கிறார்கள். அந்தத் தனிமை என்னவென்று அவர்களைக் கேட்டால் தெரியும்.

14 வயதில் தான் இன்ஜினியர் ஆகப் போவதாக ருடால்ப் பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். 1873இல் பள்ளிப் படிப்பை முதல் மாணவராக முடித்து, அதே ஊரில் தொழிற்கல்லூரியில் சேர்ந்தார். 1875இல் மியூனிக் நகரில் இருந்த பவேரிய அரச பாலிடெக்னிக்கில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. பெற்றோருக்கு இதில் சம்மதம் இல்லை. வயது 17 ஆகிறது, சம்பாதித்துக் கொடுத்தால் குடும்பம் நிமிரும் என்று அவர்கள் நினைத்தார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நான் பத்தாவது முடித்தபோது எங்க வீட்டிலும் சொந்தக்காரர்கள் அதையேதான் சொன்னார்கள். பசிக்கிற வீட்டில் மூணு வருஷம் என்பது ரொம்ப நீளம்.

பாலிடெக்னிக் மாணவர்

அந்த மியூனிக் பாலிடெக்னிக்தான் இன்றைக்கு மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். நம் டிப்ளமோவும் அந்தப் படிப்பும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையும் கணக்கும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்ற நோக்கம் ஒன்றுதான்.

அங்கே டீசலுக்கு வாய்த்த ஆசிரியர் கார்ல் வான் லிண்டே. குளிர்பதன இயந்திரத்துறையின் முன்னோடி. ஒரு நாள் வகுப்பில் லிண்டே நீராவி இன்ஜின்களைப் பற்றிப் பாடம் நடத்தினார். நிலக்கரியில் இருக்கிற வெப்பத்தில் 6 முதல் 10 சதவீதம்தான் வேலையாக மாறுகிறது, மீதி எல்லாம் வீண் என்று விளக்கினார். நாமாக இருந்தால் அதை எழுதிக்கொண்டு அடுத்த தலைப்புக்குப் போயிருப்போம். டீசல் தன் நோட்டின் ஓரத்தில், இந்த நஷ்டத்தைக் குறைக்க வழி உண்டா என்று ஆராய வேண்டும் என ஒரு குறிப்பு எழுதி வைத்தார். அந்த ஓரக்குறிப்பு அவரை அடுத்த 15 வருடம் தூங்க விடவில்லை.

1879இல் இறுதித் தேர்வு நேரத்தில் டைபாய்டு காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். கூடப் படித்தவர்களோடு தேர்வு எழுத முடியவில்லை. அடுத்த தேர்வு வரும்வரை வீட்டில் சும்மா உட்காராமல், சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் நகரில் இருந்த சுல்சர் சகோதரர்கள் இயந்திர ஆலைக்குப் போய் நேரடியாகத் தொழில் பழகினார். 1880 ஜனவரியில் தேர்வு எழுதி மிக உயர்ந்த மதிப்பெண்ணோடு வெளியே வந்தார். அரியர் விழுந்துவிட்டால் உலகமே இருண்டுபோனது போல இருக்கிற நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிறகு லிண்டேயின் நிறுவனத்திலேயே பாரீஸில் ஐஸ் தொழிற்சாலை வேலை. 1883இல் மார்த்தா என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். மூன்று குழந்தைகள். 1890இல் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தார். பகலில் ஐஸ் மெஷின், இரவில் அந்த ஓரக்குறிப்பு என்று வாழ்க்கை ஓடியது.

தீக்குச்சி இல்லாத தீ

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை எல்லோரும் தொட்டுப் பார்த்திருப்போம். காற்றை வேகமாக நெருக்கினால் சூடாகும். தென்கிழக்கு ஆசியாவில் இதை வைத்தே பழங்காலத்தில் தீ மூட்டினார்கள். சின்னக் குழாய், அதற்குள் இறுக்கமாகப் போகும் ஒரு தண்டு, நுனியில் கொஞ்சம் பஞ்சு. ஓங்கி ஒரு அடி அடித்தால் பஞ்சு கனன்றுவிடும்.

டீசல் யோசனையின் மூலம் இதுதான். சிலிண்டருக்குள் வெறும் காற்றை மட்டும் எடுத்து, பிஸ்டனால் மிக அதிகமாக நெருக்கிச் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீய்ச்ச வேண்டும். எண்ணெய் தானாகப் பற்றும். பிளக் வேண்டாம், காயில் வேண்டாம். இன்றைய டிராக்டர் இன்ஜினில் காற்று சுமார் 16, 17 மடங்கு நெருக்கப்படுகிறது. அப்போது அதன் சூடு 500 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டிவிடும். டீசல் எண்ணெய்க்கு அதில் பாதிச் சூடே தாராளம். நான் சின்ன வயதில் கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1893 பிப்ரவரியில் ஜெர்மன் காப்புரிமை எண் 67207 கிடைத்தது. அதே வருடம் தன் கொள்கையை விளக்கி ஒரு புத்தகமும் வெளியிட்டார். அதில் காற்றை 250 வளிமண்டல அழுத்தம் வரை நெருக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். காகிதத்தில் அது சரி. அன்றைய இரும்பும் அன்றைய பிஸ்டன் ரிங்கும் அதைத் தாங்காது. கணக்கை இரும்புக்கு ஏற்ற மாதிரி இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆக்ஸ்பர்க் இயந்திர ஆலை அவருக்கு இடமும் ஆட்களும் கொடுக்க முன்வந்தது. பின்னாளில் எம்.ஏ.என். என்று பெயர் பெற்ற ஆலை அதுதான். குரூப் நிறுவனம் பணத்தோடு சேர்ந்துகொண்டது.

அந்த ஒரு நிமிடம்

1893 ஆகஸ்ட் 10ஆம் தேதி முதல் சோதனை. ஆலையின் ஷாஃப்டிலிருந்து பெல்ட் போட்டு இன்ஜினைச் சுற்ற வைத்தார்கள். எரிபொருள் உள்ளே போனதும் தீப்பற்றியது. பெரும் சத்தத்தோடு அழுத்தம் அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. பக்கத்தில் நின்றவர்கள் உயிர் தப்பியது அதிர்ஷ்டம். இன்ஜின் தானாக ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. ஆனாலும் டீசலுக்குச் சந்தோஷம். நெருக்கிய காற்றில் எண்ணெய் பற்றும் என்பது கண்ணெதிரே நிரூபணம் ஆகிவிட்டது அல்லவா?

இன்ஜினைப் பிரித்து மாற்றிக் கட்டினார்கள். 1894 பிப்ரவரி 17 அன்று மறுபடி பெல்ட் போட்டுச் சுற்ற வைத்தார்கள். டீசல் தன் கருவிகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். இன்ஜின் மேல் நின்றவர் லிண்டர் என்ற ஃபிட்டர். பேராசிரியர் லிண்டே வேறு, இவர் வேறு. ஒரு கட்டத்தில் பெல்ட்டின் இழுப்பு மாறுவதை லிண்டர் கண்டார். இவ்வளவு நேரம் ஆலைதான் இன்ஜினை இழுத்துக்கொண்டிருந்தது. இப்போது இன்ஜின் ஆலையை இழுக்கிறது! அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி டீசலுக்கு மரியாதை செய்தார். அதைப் பார்த்துத்தான் தன் இன்ஜின் உயிர் பெற்றுவிட்டது என்று டீசலுக்கே தெரிந்தது. நிமிடத்துக்கு 88 சுற்று. ஓடியது மொத்தம் ஒரே ஒரு நிமிடம்.

நண்பர்களே, டீசலின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கண்டுபிடித்தவர் மேதைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த இன்ஜின் ஓடியதை முதலில் கண்டவர் ஒரு ஃபிட்டர். பெல்ட்டின் தொய்வைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொள்கிற கண் அவருக்கு இருந்தது. டிப்ளமோதானே என்று நம்மை யாராவது இளக்காரமாகச் சொன்னால், லிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். மேலும் மூன்று வருடம் அடித்தார்கள். எண்ணெயை உள்ளே செலுத்துவதுதான் பெரிய தலைவலி. நெருக்கமான காற்றுக்கு எதிராக எண்ணெயைத் தள்ளும் நல்ல பம்ப் அன்றைக்கு இல்லை. அதனால் தனி கம்ப்ரசர் வைத்து, காற்றின் பலத்தால் எண்ணெயை ஊதினார்கள். சரியாக மூன்று வருடம் கழித்து, 1897 பிப்ரவரி 17 அன்று, மியூனிக் பேராசிரியர் ஷ்ரோட்டர் வந்து அதிகாரபூர்வமாகச் சோதித்தார். சுமார் 20 குதிரைத்திறன் கொண்ட ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின். எரிபொருளின் வெப்பத்தில் 26.2 சதவீதத்தை வேலையாக மாற்றியது. லிண்டே வகுப்பில் சொன்ன 6, 10 எங்கே, இந்த 26 எங்கே! அந்த இன்ஜின் இன்றும் மியூனிக் நகரத்து ஜெர்மன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

புகழும் சரிவும்

பணம் கொட்டியது. அமெரிக்க உரிமைக்காக அடால்பஸ் புஷ் என்ற பீர் ஆலை முதலாளி 10 லட்சம் மார்க் கொடுத்தார். 1898இல் டீசலின் உரிமைகளை நிர்வகிக்க ஒரு நிறுவனமே உருவாகி, 35 லட்சம் மார்க்குக்கு அவற்றை ஏற்றுக்கொண்டது. தள்ளுவண்டி தள்ளிய பையன் 40 வயதில் கோடீஸ்வரர். மியூனிக்கில் மாளிகை கட்டினார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை அதற்கப்புறம்தான் ஆரம்பம். சோதனைச் சாலையில் ஓடிய இன்ஜின், வாங்கியவர்களின் ஆலையில் அதே மாதிரி ஓடவில்லை. ஆக்ஸ்பர்க்கில் ஒவ்வொரு சத்தத்துக்கும் காது கொடுக்க லிண்டர் போன்றவர்கள் இருந்தார்கள். விற்ற இடத்தில் அப்படி யாரும் இல்லை. முதல் முதலில் விற்ற இன்ஜின்கள் சில திரும்பி வந்தன. ஆக்ஸ்பர்க்கில் டீசல் இன்ஜினுக்கென்றே தொடங்கிய தொழிற்சாலை நொடித்துப்போனது. கண்டுபிடிப்பு அவருடையதே இல்லை என்று வழக்குகள் வேறு. தலைவலியும் தூக்கமின்மையும் முற்றி மருத்துவ விடுதியில் சேர்ந்து ஓய்வெடுக்க வேண்டியதாயிற்று.

குறைகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்து இன்ஜினை நிமிர்த்தியது ஆலைகளில் இருந்த இன்ஜினியர்களும் தொழிலாளிகளும்தான். 1900 பாரீஸ் உலகக் கண்காட்சியில் டீசல் இன்ஜினுக்குப் பெரும் பரிசு கிடைத்தது. அங்கே காட்டிய இன்ஜின்களில் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது! விவசாயி தன் வயலில் விளைந்ததிலிருந்தே தன் இன்ஜினுக்கு எண்ணெய் எடுக்கும் காலம் வரலாம் என்று டீசல் பிற்பாடு பேசினார். இன்று பயோடீசல் என்று நாம் படிக்கிறோமே, அதற்கு விதை அங்கே விழுந்தது. 1912இல் செலாண்டியா என்ற டேனிஷ் கப்பல் டீசல் இன்ஜினோடு கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் வரை வந்தது.

உண்மையில் டீசலின் ஆசை கப்பல் இல்லை. பெரிய நீராவி இன்ஜின் வாங்கப் பணக்காரனால்தான் முடியும், அதனால் சின்னப் பட்டறைக்காரன் நசுங்கிப் போகிறான், அவனுக்குக் கட்டுப்படியாகிற சின்ன இன்ஜின் வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். தொழிலாளர்கள் தாங்களே கூடித் தொழில் நடத்துவது பற்றி 1903இல் ஒரு புத்தகமும் எழுதினார். அது விற்கவில்லை. கம்ப்ரசரோடு சேர்ந்த அவருடைய இன்ஜின் மலை போன்ற கனம். சின்னப் பட்டறைக்குள் அதை நுழைக்க அவருடைய காலத்தில் முடியவில்லை.

பணமும் நிற்கவில்லை. எண்ணெய் வயல்களிலும் மனைகளிலும் போட்ட முதல் மூழ்கியது. நம் பக்கத்தில் மனை ஆசையில் கைக்காசை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறோம். மேதைகளும் அதற்கு விலக்கில்லை.

கடைசிப் பயணம்

1913 செப்டம்பர் 29 மாலை, பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் டீசல் ஏறினார். இங்கிலாந்தில் டீசல் இன்ஜின் தொழிற்சாலை ஒன்றின் கூட்டத்துக்குப் போகும் பயணம். இரவு உணவு முடித்து 10 மணிக்கு அறைக்குப் போனார். காலை 6.15க்கு எழுப்பச் சொல்லியிருந்தார். காலையில் அறை காலி. படுக்கையில் படுத்த அடையாளம் இல்லை. பின்தளத்தில் அவருடைய தொப்பியும் மேல்கோட்டும் இருந்தன. பத்து நாள் கழித்து ஒரு டச்சுப் படகுக்காரர்கள் கடலில் ஒரு உடலைக் கண்டார்கள். உடைமைகளை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டார்கள். அந்தச் சின்னச் சின்னப் பொருட்களைப் பார்த்து, இவை என் அப்பாவுடையவை என மகன் அடையாளம் காட்டினார். வயது 55.

யாரோ கொன்றுவிட்டார்கள் என்று அப்போது பத்திரிகைகளில் பல கதைகள் வந்தன. ஒன்றுக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. புறப்படும் முன் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்து, அடுத்த வாரம்தான் திறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதில் 20,000 மார்க் ரொக்கமும், வங்கிக் கணக்குகளில் ஒன்றுமே மீதி இல்லை என்று காட்டும் காகிதங்களும் இருந்தன. கடன் பாரம் தாங்காமல் அவரே உயிரை விட்டிருப்பார் என்றுதான் வாழ்க்கை வரலாறு எழுதியவர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள். 250 வளிமண்டல அழுத்தத்தைக் கணக்குப் போட்டவர், தன் நெஞ்சில் ஏறிய அழுத்தத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஃபீஸ், அரியர், வீட்டுக் கஷ்டம் என்று நம்மில் யாருக்கு பாரம் இருந்தாலும் பக்கத்து பெஞ்சுக்காரனிடமாவது வாய் திறந்து சொல்லிவிடுங்கள். யூனியன் எதற்கு இருக்கிறது?

டிராக்டரில் ஏறிய டீசல்

டீசல் உயிரோடு இருந்தவரை அவர் இன்ஜின் டிராக்டரில் ஏறவில்லை. 1920களின் தொடக்கத்தில்தான் ஜெர்மனியில் பென்ஸ் நிறுவனம் டீசலில் ஓடும் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்தது. 1927இல் ராபர்ட் பாஷ் நிறுவனம் எண்ணெயை நேரடியாகத் தள்ளும் இன்ஜெக்‌ஷன் பம்பை மொத்தமாகத் தயாரிக்க ஆரம்பித்தது. கனமான கம்ப்ரசர் தேவையில்லாமல் போயிற்று. இன்ஜின் சிறுத்தது. 1930இல், ஆக்ஸ்பர்க் இருக்கும் அதே பவேரியாவில், ஃபெண்ட் நிறுவனம் 6 குதிரைத்திறனில் ஒரு குட்டி டிராக்டர் செய்தது. அதன் பெயருக்கு டீசல் குதிரை என்று அர்த்தம். சின்ன ஆளுக்குச் சின்ன இன்ஜின் என்ற கனவு, அவர் போய் 17 வருடம் கழித்து வயலில் இறங்கியது.

நம் நாட்டிலும் அந்த பவேரிய வாசம் உண்டு. 1959இல் ஃபரிதாபாத்தில் இந்தியாவிலேயே தயாரான டிராக்டரை வெளியிட்ட ஐஷர் நிறுவனத்தின் ஜெர்மன் கூட்டாளி, மியூனிக்குக்குப் பக்கத்தில் இருந்தவர்கள். 1840இல் குதிரை வண்டிச் சாமான் செய்யத் தொடங்கிய நம் சென்னை சிம்சன், ஆழ்வார்குறிச்சிக்காரர் அனந்தராமகிருஷ்ணன் தலைமையில் 1950களில் செம்பியத்தில் டீசல் இன்ஜின் செய்ய ஆரம்பித்தது. அவர் காலத்திலேயே 1960இல் மாசி பெர்குசன் கூட்டோடு டாஃபே உருவானது. அந்த டாஃபே 2005இல் ஐஷரின் டிராக்டர் தொழிலையே வாங்கிவிட்டது. சேலையூர், மாடம்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் கீழே நெல் விளைந்த காலத்தில் உழவு ஓட்டிய டிராக்டர், இன்று வீடுகளான அதே நிலத்துக்குத் தண்ணீர் கொண்டு போகிறது. 4,000 லிட்டர் டேங்க் என்றால் தண்ணீர் மட்டுமே 4 டன். 35 குதிரைத்திறன் வண்டி அதை அலுக்காமல் இழுக்கிறது.

அவர் நம்மிடம் விட்டுப்போன வேலை

டீசலின் கொள்கை இரண்டே விஷயத்தில் நிற்கிறது. காற்று முழுசாக நெருங்க வேண்டும். எண்ணெய் சுத்தமாக, சரியான நேரத்தில் பீய்ச்ச வேண்டும். டிராக்டர் பராமரிப்பு என்று அப்பா தினமும் செய்கிறதெல்லாம் இந்த இரண்டையும் காப்பாற்றும் வேலைதான் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

காற்றுக்கு எதிரி தூசி. ஆயில் பாத் ஏர் ஃபில்டரைத் திறந்து, அடியில் சேறு தங்கியிருந்தால் கழுவிப் புது ஆயில் குறி வரைக்கும் ஊற்ற வேண்டும். தூசி அதிகமான இடத்தில் தினமும் பார்க்க வேண்டும். தூசி உள்ளே போனால் லைனரும் ரிங்கும் தேயும், கம்ப்ரஷன் போகும், காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை ஓட விடாமல் டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு பார்ப்பது, ரேடியேட்டர் தண்ணீர் பார்ப்பது, ஃபேன் பெல்ட்டை அமுக்கிப் பார்ப்பது எல்லாம் சாவி போடும் முன்பே முடிய வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது.

எண்ணெய்க்கு எதிரி தண்ணீரும் காற்றும். சாயங்காலம் வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பி வைத்தால், இரவுக் குளிரில் காலி இடத்தில் ஈரம் படிந்து டீசலோடு கலக்காது. ஃபில்டர் அடியில் தங்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். டேங்க் காலியாகி நின்றுபோனால், டீசல் ஊற்றினால் மட்டும் ஓடாது. குழாயில் ஏர் லாக் ஆகியிருக்கும். ஃபில்டரின் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்பை அடித்து, குமிழி நின்று சுத்த டீசல் வரும்போது முறுக்க வேண்டும். அப்புறம் இன்ஜெக்‌ஷன் பம்பிலும் அதே மாதிரி. நாசில் பீய்ச்சும் வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையை அதன் முன்னால் நீட்டவே கூடாது.

புகையும் பேசும். கறுப்புப் புகை என்றால் காற்று பத்தவில்லை, அல்லது எண்ணெய் அதிகம், அல்லது சுமை அதிகம். நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் எண்ணெய் சரியாகப் பற்றாமல் வெளியேறுகிறது. ரோட்டில் ஏறும்போது இரண்டு பிரேக் பெடல்களையும் கொக்கி போட்டு ஒன்றாக்க வேண்டும். வயலில் திரும்ப உதவும் தனித்தனி பிரேக், ரோட்டில் டேங்கோடு வண்டியைக் கவிழ்த்துவிடும். இறக்கத்தில் நியூட்ரலில் விடக் கூடாது.

தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது 1931இல். இப்போது மின்சார டிராக்டர்களும் வர ஆரம்பித்துவிட்டன. டீசல் புகையால் வரும் கேட்டை யாரும் மறுக்க முடியாது. நாளைக்கு டீசல் இன்ஜினே இல்லாமல் போகலாம். அப்போதும் வீணாகிற மீதி எங்கே போகிறது என்று கேட்ட அந்த ஓரக்குறிப்பு பழசாகாது. பெல்ட்டின் இழுப்பு மாறுவதைக் கண்ட கண்ணும் பழசாகாது. முதலாவது படிப்பால் வரும், இரண்டாவது கை பழகினால் வரும். இரண்டையும் மூன்று வருடத்தில் சேர்த்துக் கொடுக்கிற இடம் பாலிடெக்னிக்.

ஆகவே நண்பர்களே, தியரி வகுப்பில் ஒரு ஓரக்குறிப்பாவது எழுதுவோம். ஒர்க்‌ஷாப்பில் கையைக் கறையாக்க வெட்கப்பட வேண்டாம். நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த எப்படி என்பதோடு, நாம் படிக்கிற ஏன் என்பதைச் சேர்த்தால், கண்டுபிடித்தவருக்குக் கிடைக்காத நிம்மதி அவர் இன்ஜினை நம்பிப் பிழைக்கிறவர்களுக்காவது கிடைக்கும்.